கம்ப்யூட்டர் பேசாமல் போன சனிக்கிழமை

கதிர்,

நீ போய்ச் சேர்ந்ததும் போன் செய்தபோது, "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். சளி பிடித்திருக்கிறது என்றேன். சளியெல்லாம் ஒன்றும் இல்லை. பயந்துபோயிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுப்பேன். அங்கே குளிர் எப்படி, கூட இருக்கும் பையன் சமைக்கிறானா என்று ஏதேதோ பேசி வைத்துவிடுவேன். இப்போது நீ, திருவண்ணாமலை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் பெரியம்மா வீட்டோடு போய் இரு என்கிறாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இந்த விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கோபப்படுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து அடிக்கிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன் லீவில் வந்திருந்தாயே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமே பாதுகாப்பு எதுவும் தர மாட்டாங்க. யாரு வேணா உள்ள வந்துடலாம். புதுசு போட்டே ஆகணும்" என்றாய். "நல்லாத்தானேடா ஓடுது" என்றேன். "நல்லாத்தான் ஓடும். ஒருநாள் மாட்டிக்கினு என்னைக் கூப்பிடுவ" என்று சிரித்தாய். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பழைய பெட்டி புதியதைத் தாங்காது என்று உள்ளே எதையெதையோ கழற்றி மாட்டினாய். புத்தகத்தை வைத்தால் படித்துச் சொல்லும் ஸ்கேனர் புதியதோடு ஒத்துக்கொள்ளவில்லை. நான் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பாடக்குறிப்புகளைத் திறந்தால், பல்லவர்களும் சோழர்களும் ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்தார்கள். நீ உட்கார்ந்து முடிந்தவரை மாற்றிக் கொடுத்தாய். மிச்சத்தை அங்கே போனதும் அனுப்பச் சொல்லி வாங்கிச் செய்து தருகிறேன் என்றாய்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு அந்தப் பழைய குரல்தான். தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருக்கும். ஆனால் என்ன வேகம்! பார்வை உள்ளவர்கள் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. எனக்கு மட்டும் புரியும். புதிய சிஸ்டத்தில் அந்தக் குரல் ஏறவில்லை. நீ வேறொரு குரலைப் போட்டுக் கொடுத்தாய். அவள் செய்தி வாசிப்பவளைப் போல நிதானமாகப் பேசுகிறாள், வேகத்தைக் கூட்டினால் வார்த்தைகளை விழுங்குகிறாள். "பழகிடும்மா" என்றாய். பழகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். உன் அப்பா இருந்தவரை எனக்கு வந்த காகிதம் எல்லாவற்றையும் அவர்தான் படித்துச் சொன்னார். அவர் போன பிறகு அந்த இடத்தில் இருந்தது இந்தக் குரல்தான். குரல் எப்படி இருந்தால் என்ன, பேசினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நீ விமானத்தில் இருந்த அந்தச் சனிக்கிழமை காலை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஏற்றலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். திங்கள்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் வந்தது. குரல் வரவில்லை. காத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மாட்டினேன். ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. உனக்கு இதை எப்படிச் சொல்வது? உங்களுக்குத் திரை இருண்டால், இருண்டிருக்கிறது என்பதாவது தெரியும். எனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஏதோ கேள்வி கேட்டுவிட்டு என் பதிலுக்காக நிற்கிறதா, எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருக்கிறதா, சும்மா இருக்கிறதா? ஒரு பொத்தானைத் தொடவும் பயமாக இருந்தது. தொடாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

கீழ் வீட்டு வசந்தாவைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னா டீச்சர் இது, நீலமா இருக்குது. நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கினே இருக்குது" என்றாள். "எழுத்து ஏதாவது இருக்கா பாரு வசந்தா." "இருக்குது, எல்லாம் இங்கிலீஷு. யு... பி... டி... ஐயோ மாறிப்போச்சு டீச்சர்." அப்புறம் பூ படம் போட்ட திரை வந்துவிட்டது என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அவள் வீட்டில் அவள் புருஷன் ஆட்டோ எடுத்துக் கிளம்பும் நேரம். "சாப்பாடு குடுத்துட்டு வந்துடறேன்" என்று கீழே போனாள். உன் நண்பன் ரஹீமின் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் அடித்தேன். மணி அடித்து நின்றது. உன் போன் அணைந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் பேசும் போனில், கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, உதவிக்கு நம்பர் வேண்டும் என்று கேட்டேன். அது ஒரு நம்பரைச் சொன்னது. கம்பெனியின் நம்பர்தான் என்று நம்பி, பேசுவதற்கு வைத்திருக்கும் பட்டன் போனில் அடித்தேன். உடனே எடுத்தார்கள். அது கூட எனக்குச் சந்தேகம் தரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓர் ஆள், இளம் வயது, நல்ல தமிழ். "சொல்லுங்க மேடம். அப்டேட் பண்ணதுக்கப்புறம் சவுண்டு போயிடுச்சா? நெறைய பேருக்கு ஆவுது மேடம், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், என்ன அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் விரல் தவறாமல் அடித்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. கடைசியில், "இப்ப உங்க திரைல ஒரு கட்டம் வந்திருக்கும். என்டர் தட்டிட்டு, எதையும் தொடாதீங்க. நான் இங்கருந்தே சரி பண்ணிடறேன்" என்றான். தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "திரைல என்ன தெரியுது மேடம்?" என்று கேட்டான். "எனக்குக் கண் பார்வை கிடையாது தம்பி, அதனாலதான் சத்தம் இல்லாம கஷ்டமா இருக்கு" என்றேன்.

அவன், "அப்படியா மேடம்" என்றான். குரல் மாறியிருந்தது. அவசரம் போய்விட்டிருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பேசுபவனின் குரல் அது. "வீட்ல யாரு மேடம் இருக்காங்க?"

கதிர், நான் பார்க்காத முகங்களோடு பழகியே இந்த வயது வரை வந்தவள். குரலில் நடக்கும் மாற்றம் எனக்குத் தப்பாது. "என் பையன் குளிக்கிறான், வந்துடுவான்" என்று பொய் சொன்னேன். "வரட்டும் மேடம், ஒன்னும் அவசரம் இல்ல" என்றான். என் முன்னால் காற்றாடி வேகமெடுத்துச் சுற்றியது. அவன் உள்ளே எதையோ திறக்கிறான், மூடுகிறான். என் மேசையில், என் கை எட்டும் தூரத்தில் ஒரு மனிதன் நடமாடுகிறான். அவனுக்குக் காலடிச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை. வீட்டுக்குள் ஆள் வந்தால் எனக்குத் தெரியும். எண்ணெய் வாசனையை வைத்து, துணி உரசுவதை வைத்துச் சொல்வேன். இவன் எதைத் தொடுகிறான் என்று அறிய எனக்கு எந்த வழியும் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், உன் சான்றிதழ்கள், என் ஆதார், எல்லாம் அதில்தான் இருந்தன.

அந்த நேரத்தில் மேசை மேல் இருந்த பேசும் போன் தானாகப் பேசத் தொடங்கியது. பாங்கிலிருந்து வந்த செய்தி. யாரிடமும் சொல்லக் கூடாத அந்த எண்ணை, சத்தமாக, அவன் காது கேட்கச் சொன்னது. பாய்ந்து எடுத்து மடியில் அமுக்கி, முந்தானையை மேலே சுற்றினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டது. "அது இன்னா நம்பர் சொல்லுச்சு மேடம்? ரொம்ப ஸ்பீடா போயிடுச்சு. இன்னொரு தடவ சொல்லுங்க, அத போட்டாத்தான் சவுண்டு வரும்" என்றான். போனில் மட்டும் அந்தப் பழைய குரலும் பழைய வேகமும் மாறாமல் இருந்தன. அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சுவரைத் தடவி பிளக்கைப் பிடுங்கினேன். யுபிஎஸ் கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்ததே தவிர கம்ப்யூட்டர் நிற்கவில்லை. "இன்னா மேடம் சத்தம்? ஒயர தொடாதீங்க. பாதில நிறுத்துனா எல்லாம் அழிஞ்சு போயிடும்" என்றான். அந்த வார்த்தைக்கு நான் நின்றுவிட்டேன், கதிர். உண்மையாக இருக்குமோ என்று நினைத்தேன். அப்புறம் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், யுபிஎஸ்ஸின் பின்னால் செருகியிருந்தது எல்லாவற்றையும் பிடித்து இழுத்தேன். நெற்றியை மேசைக் காலில் இடித்துக்கொண்டேன். காற்றாடி மெதுவாகிப் போய் நின்றது. கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டன் போன் கீழே விழுந்து, அதில் அவன் "மேடம், மேடம்" என்று பொறுமையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வசந்தா வந்து பார்க்கும்போது நான் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொன்னேன். அவள் புருஷனை வழியிலேயே திருப்பி வரவழைத்தாள். ஆட்டோவில் பாங்குக்குப் போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், தேரடி வீதி அருகே மெதுவாக, "டீச்சர், அந்த ஆளு எங்க வீட்டு அட்ரஸையும் பாத்திருப்பானா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பாங்கில் இருந்த பெண் நல்லவள். உடனே கணக்கை முடக்கி, எதுவும் போகவில்லை என்று பார்த்துச் சொன்னாள். போலீசில் புகார் எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தாள். கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் எழுந்திருக்கும்போது அவள், "தனியா இருக்கறவங்க எதுக்கும்மா கம்ப்யூட்டர்லாம் வெச்சுக்கறீங்க? பையன்கிட்ட குடுத்துட்டா அவரு பாத்துப்பாரு இல்ல?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவன் "அப்படியா மேடம்" என்றதை விட இது எனக்கு ஆழமாக இறங்கியது.

அதன் பிறகு நான் இருந்த இருப்பை நீ அறிய வேண்டாம் என்றுதான் மறைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்த் தடவிப் பார்ப்பேன். ஒருநாள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, பின் சீட்டில் யாரோ ஒரு பையன், "மேடம், இந்தப் பை உங்களுதா?" என்று கேட்டான். அதே குரல் என்று தோன்றிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தம் இல்லை. பஸ் போன பிறகுதான் என் பையை அதிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. ஈர மண்ணும் மல்லாட்டைச் செடியும் மணத்தன. வேறு ஓர் அடையாளமும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள்தான், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டு, அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். என் பையை முதல் பஸ்ஸின் கண்டக்டர் பத்திரமாக வைத்திருந்து கீழ்பென்னாத்தூரில் கொடுத்தார். அந்தப் பையன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பாவம், அவன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?

எங்கே போகணும் என்று அந்த அம்மாள் கேட்டாரே, அந்தக் கேள்வி இந்த நாட்களில் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பௌர்ணமி மாலை கிரிவலம் போனோம். குபேர லிங்கத்தைத் தாண்டி நல்ல நெரிசல். உன் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. நான் அசையாமல் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே நின்றால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்போது ஒருவர், "பாவம், கண்ணு தெரியாதவங்க, வாம்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாலையின் எதிர்ப்பக்கம் விட்டார். பையன் இங்கே இருக்கிறான் என்று நான் சொல்லச் சொல்ல அவர் காதில் விழவில்லை. புண்ணியம் செய்த திருப்தியோடு போய்விட்டார். நீ அழுதுகொண்டே என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "இனிமே நீ என் தோள புடிச்சுக்கோம்மா. நான் உன் கைய புடிக்க மாட்டேன்" என்றாய். அந்த வயதில் உனக்கு அது எப்படித் தோன்றியது என்று அப்பா வியந்துகொண்டே இருந்தார்.

உன் மேல் கோபமா என்று கேட்பாய். இருந்தது. ரஹீம் வந்து பார்த்தபோதுதான் கோபம் வந்தது. அந்தத் திருட்டு ஆள் எதையாவது விட்டுப் போயிருப்பான் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. நீ பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தவை தப்பின, மாற்றித் தராமல் விட்ட குறிப்புகள் அதோடு போய்விட்டன. அவன் சொன்னான்: "ஒன்னும் இல்ல டீச்சர். புது சிஸ்டம் தானா ஒரு அப்டேட்ட எறக்கி, சவுண்டுக்கு இருந்தத எடுத்துட்டு வேற ஒன்ன வெச்சிருக்குது. உங்க மெஷினுக்கு அது ஒத்துக்கல. கதிர்தான் எல்லாம் தானா எறங்கற மாதிரி வெச்சிட்டுப் போயிருக்கான்." என் நல்லதுக்குத்தான் அப்படி வைத்தாய். ஆனால் வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சமையலறையில் உப்பு டப்பாவை ஒருவர் இடம் மாற்றினால் கூட என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும். இது எவ்வளவு பெரிய டப்பா!

"பழைய சிஸ்டத்தையே போட்டுடட்டுமா டீச்சர்? பிரச்சினை கம்மியா இருக்கும்" என்று ரஹீம் கேட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மதிப்பெண் ஏற்றும் தளம் பழையதில் இனி திறக்காது. நீ பயந்ததும் நியாயம்தான், காவல் இல்லாத வீடு அது. புதியதையே போடச் சொன்னேன். ஆனால் அவனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். "நீ சொல்லு, நான் அழுத்தறேன்" என்றேன். மத்தியானம் முழுக்க ஆயிற்று. அவனுக்குக் கடைக்குப் போக வேண்டும், ஆனாலும் முகம் சுளிக்காமல் இருந்தான் என்று நினைக்கிறேன், பெருமூச்சு மட்டும் இரண்டொரு தடவை கேட்டது. எது எங்கே இருக்கிறது, சத்தம் போனால் எதை அழுத்த வேண்டும், தானாக இறங்குவதை எப்படி நிறுத்துவது என்று எல்லாம் என் விரலுக்குத் தெரிந்த பிறகுதான் அவனை விட்டேன். மதிப்பெண்கள் தாமதமாகத்தான் ஏறின. தலைமை ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. இதை அடிக்கும் இந்த நிமிஷமும் யாரோ உள்ளே இருந்து படித்துக்கொண்டிருப்பானோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ரஹீம் இல்லை என்கிறான், மூளை அதை நம்புகிறது, கை நம்ப மாட்டேன் என்கிறது. பெரியம்மா வீட்டில் எனக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனால் அங்கே என் காகிதங்களை அத்தான் படிப்பார், என் போனைப் பெரியம்மா எடுப்பார், என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். அதை நினைத்தாலும் பயம் வருகிறது. அந்தப் பயம் என் மீதி நாட்கள் முழுவதற்குமானது. அதை விட இந்தத் திருட்டுப் பயத்தோடு இங்கேயே இருந்துகொள்கிறேன். நீயும் அங்கே புது ஊரில் பயந்துகொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியும். என்னிடம் சொல்வதில்லை. இனிமேல் சொல். நானும் சளி என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு உன் வாழ்க்கையில் ஒரு பெண் வருவாள். அவளுக்கு நல்லது என்று உனக்குத் தோன்றுவதையெல்லாம் அவளைக் கேட்காமல் செய்து வைத்துவிடாதே. அன்பாகத்தான் செய்வாய். அன்பாகச் செய்தவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் அவள் தவிப்பாள்.

இன்று காலை கம்ப்யூட்டர் ஒரு புது விஷயம் சொன்னது. இன்னொரு அப்டேட் தயாராக இருக்கிறதாம். இப்போது நிறுவவா, பிறகு நினைவூட்டவா என்று அந்த நிதானமான குரலில் கேட்டாள். பாதுகாப்புக்கு அவசியமானது என்றும் சொன்னாள். விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சாப்பிட்டாயா என்று கேட்காதே. அன்றைக்குத்தான் அதை அழுத்தப் போகிறேன். நீ அங்கிருந்து எதையும் திறக்க வேண்டாம், எதையும் சரிசெய்ய வேண்டாம், இதைச் செய் அதைச் செய் என்று சொல்லவும் வேண்டாம். அது முடிந்து, அணைந்து, மறுபடி எழுந்து பேசுகிற வரைக்கும் போனை வைக்காமல் மட்டும் இரு.

அம்மா